பார்க் வரப்போகிறது என்று நினைத்தோம்: திருநெல்வேலி பேட்டையிலிருந்து ஒரு திறந்த மடல்

கோப்பு இப்போது யார் மேசையில் இருக்கிறதோ, அந்த அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். பெயரும் பதவியும் போட்டு எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். யாருக்கு எழுதுவது என்று தெரியாததால்தான் இப்படி எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் ஒரு ஜீப் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர் முக்காலியில் கருவியை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒருவர் தூரத்தில் கோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாமவர் கையில் பெயிண்ட் டப்பா. அவர் நேராகப் போய் வேப்பமரத்தில் சிவப்பில் ஒரு எண்ணை எழுதினார். என்ன விஷயம் என்று போய்க் கேட்டேன். "பார்க் அண்ட் ரைடு வருது சார்" என்றார். எந்த ஆபீஸ் என்று கேட்டேன். "அளக்கச் சொன்னாங்க, அளக்கோம்" என்றார். பத்து மணிக்குள் ஜீப் போய்விட்டது.

சாயங்காலத்துக்குள் பேட்டையில் பாதிப் பேருக்குச் செய்தி தெரிந்துவிட்டது. பார்க் வரப்போகிறது! எதிர் வீட்டுப் பொடியன் ஊஞ்சல் எத்தனை, சறுக்கு எத்தனை என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். டீக்கடையில் ஒருவர் நீரூற்று உண்டு என்று அடித்துச் சொன்னார், ஏதோ தானே குழாய் பதித்தது போல. பொட்டல் ஓரத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்களுக்குத்தான் சந்தோஷம் அதிகம். "சாய்ஞ்சு உக்கார பெஞ்சு போடுவாவல்லா அண்ணாச்சி?" என்று கேட்டார்கள்.

நான்தான் போட்டு உடைத்தேன். இது ஊஞ்சல் ஆடுற பார்க் இல்ல தாயி, வெளியூர்க் காரையெல்லாம் இங்க நிறுத்திட்டு, அவங்க பஸ் ஏறி டவுனுக்குப் போவாங்க, அதுக்கான இடம் என்று சொன்னேன். சொளவில், அதாவது பீடி முறத்தில், இருந்த கைகள் ஒரு நிமிடம் நின்றன. "அப்ப நாங்க எங்கன போயி உக்கார?" என்று ஒருத்தி கேட்டாள்.

அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்க்கத்தான் இந்த மடல். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி இல்லை. 31 வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பாபநாசம், தென்காசி, செங்கோட்டை என்று மேற்கே போகிற எல்லா ரூட்டிலும் பையை மாட்டியிருக்கிறேன். காரை விட்டு இறங்கி நாலு பேர் பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்றால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க முடியாது.

டவுனுக்குள் இனி கார் கொள்ளாது என்பது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தென்காசி ரோடு பழைய பேட்டை வழியாக வருகிறது. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி ரோடு பேட்டை வழியாக வருகிறது. இரண்டும் வந்து சேருகிற இடத்தில் நாலு ரதவீதிகள். அந்த வீதிகளை அகலமாக விட்டவர்கள் நெல்லையப்பர் தேரை மனதில் வைத்து விட்டார்கள். ஆனித் திருவிழாவில் 9-ஆம் நாள் தேர் ஓடும்போது பாருங்கள், எத்தனை விசாலமான வீதி என்று ஆச்சரியமாக இருக்கும். மறுநாள் சாயங்காலம் அதே வீதியில் இரண்டு பக்கமும் கார் நிற்கும், நடுவில் ஷேர் ஆட்டோ நிற்கும், வாகையடி முக்கில் ஒரு டவுன் பஸ் திரும்புவதற்குள் டிரைவருக்கு வேர்த்துவிடும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டது, சரி. ஆனால் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க ஆலங்குளத்துக்காரரும் பாவூர்சத்திரத்துக்காரரும் இன்றைக்கும் இங்கேதான் வருகிறார்கள். முகூர்த்த மாதத்தில் ஒரு காரில் ஏழு பேர் வந்து, ஆறு பேரைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, ஏழாவது ஆள் காரை நிறுத்த இடம் தேடியே நாலு ரதவீதியையும் வலம் வருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கோயிலுக்குள் போகாமலே அவருக்குப் பிரதட்சணப் புண்ணியம்.

ஆகவே காரை ஊருக்கு வெளியே நிறுத்துவது நல்ல யோசனைதான். நமக்கு அது புதிதும் இல்லை. பார்க் அண்ட் ரைடு என்று பெயர் வைக்காமலே நாம் அதைச் செய்துகொண்டிருக்கிறோம். ரயில் நிலையத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு என்று ஒன்று இருக்கிறதே, அது வேறு என்ன? இன்றைக்கு அதில் சைக்கிளைத் தேடித்தான் பார்க்க வேண்டும், எல்லாம் பைக்தான், ஆனாலும் பெயர் சைக்கிள் ஸ்டாண்டுதான். ஒரு அட்டையை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை ஹேண்டில்பாரில் செருகிவிட்டு மறு பாதியை நம் கையில் கொடுப்பார்கள். சட்டைப் பையில் கிடந்து வேர்வையில் நனைந்து எண்ணே தெரியாமல் போனாலும், ஸ்டாண்டுக்காரர் ஆளைப் பார்த்ததுமே வண்டியை எடுத்து வெளியே விடுவார்.

அதைவிட முக்கியமான ஒன்று, விலக்கு. பெரிய ரோட்டிலிருந்து கிராமத்துக்குப் பிரிகிற இடத்தில் ஒரு டீக்கடை இருக்கும். ஊருக்குள்ளிருந்து பைக்கில் வருகிறவர் அந்தக் கடையோரம் நிறுத்தி, சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, என் பஸ்ஸில் ஏறுவார். சாயங்காலம் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்துப் போவார். கட்டணம் அந்த ஒரு டீதான். மேற்கே போகிற ரோட்டில் எந்த விலக்கில் காலையில் எத்தனை பைக் நிற்கும் என்று நடத்துநர்களுக்கு மனப்பாடம். அங்கே மழைக்கு ஒரு கூரையும், ராத்திரிக்கு ஒரு விளக்கும் போட்டுக் கொடுத்தால் பாதிப் பேர் பேட்டை வரை வண்டியை ஓட்டிக்கொண்டே வர மாட்டார்கள். இதை அளவுகோலும் முக்காலியும் சொல்லாது. விலக்கில் டீக்கடை வைத்திருக்கிறவர் சொல்வார். அவரிடம் யாராவது கேட்டார்களா?

மலைமேல் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைத் திருவிழாவும் உங்களுக்குத் தெரியாதது இல்லை. சமீப வருடங்களில் சொந்த வண்டிகளை அகஸ்தியர்பட்டிப் பக்கமே நிறுத்தி, அரசு பஸ்ஸில் மேலே ஏற்றி விடுகிறார்கள். அந்தச் சிறப்புப் பஸ்ஸில் நானே டூட்டி பார்த்திருக்கிறேன். அண்டா, அடுப்பு, அரிசி மூடை, கைக்குழந்தை, கால் வலிக்கிற பாட்டி, எல்லாவற்றையும் ஒரே படிக்கட்டில் ஏற்ற வேண்டும். முதல் நாள் ஒரே சண்டை. ஆனாலும் ஏறினார்கள், ஏனென்றால் மலைக்கு ஒரே பாதை, பாதையில் வனத்துறைச் சோதனைச்சாவடி. வேறு வழி கிடையாது. பேட்டையில் அப்படி இல்லை. உங்கள் இடம் பிடிக்கவில்லை என்றால் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் பத்து நிமிடத்தில் டவுன். யாரையும் இங்கே கட்டாயப்படுத்தி இறக்க முடியாது, அவர்களுக்கே தோன்றி இறங்க வேண்டும். தோன்ற வைப்பது என்னவென்று தெரிய வேண்டும் என்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டில் பெயர் பெற்ற ஊர் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு என்று என் மகள் போனில் எடுத்துக் காட்டினாள். அங்கேயும் பழைய ஊர், குறுகின தெரு. 1973-இல் ரெட்பிரிட்ஜ் என்ற இடத்தில் முதல் நிரந்தரப் பார்க்கிங் தொடங்கியிருக்கிறார்கள். நம் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்கும் அதே வயதுதான். இன்றைக்கு அந்த ஊரைச் சுற்றி ஐந்து இடங்கள், வரிசையாகப் பஸ். ஆனால் அதே இங்கிலாந்தில் இதை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றையும் கண்டிருக்கிறார்கள். முன்பு கிராமத்திலிருந்தே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவர்களில் சிலர், ஊர் எல்லையில் வசதியான பார்க்கிங் வந்ததும் காரை எடுத்துக்கொண்டு அதுவரை ஓட்டி வர ஆரம்பித்துவிட்டார்களாம். கிராமத்துப் பஸ்ஸில் கூட்டம் குறைந்ததுதான் மிச்சம்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூட்டம் குறைந்தால் என்ன நடக்கும் என்று டிப்போவில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். முதலில் மத்தியான டிரிப் போகும். அப்புறம் ராத்திரி கடைசி டிரிப் போகும். காரும் பைக்கும் இல்லாத வீட்டுப் பெண்களுக்கு அந்த டிரிப்தான் கதி. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது என்று ஆன பிறகு எத்தனை பேர் டவுனுக்கு வேலைக்கு வர ஆரம்பித்தார்கள் என்று டிக்கெட் கிழித்த கைக்குத் தெரியும். பார்க்கிங்கிலிருந்து விடப்போகிற பஸ் எந்த வகை? அதில் பெண்களுக்குக் கட்டணம் உண்டா? பேட்டை வழியாக ஏற்கெனவே ஓடுகிற டவுன் பஸ்ஸில் கை வைத்து அந்த வண்டியையே இதற்குத் திருப்பிவிடுவீர்களா? எங்கள் தெருவில் முதலில் எழும்பின கேள்வி இதுதான். கார் வைத்திருக்கிறவருக்கு வசதி செய்கிறேன் என்று கார் இல்லாதவரின் பஸ் போய்விடக் கூடாது.

கேட்பது என்று ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், கேட்ட லட்சணத்தை ஒரு முறை பார்த்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால், வேறொரு ஊரில், வேறொரு திட்டம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ். புதன்கிழமை காலை 11 மணி, ஒரு கல்யாண மண்டபத்தில். அந்த நேரத்தில் வரக்கூடியவர்கள் என்னைப் போல லீவு போட்டவர்களும் ரிட்டயர் ஆனவர்களும்தான். வாசலில் ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே திரையில் படம் போட்டுப் பேசினார்கள், பாதிக்கு மேல் இங்கிலீஷ். மிக்சர், ஒரு லட்டு, டீ. கேள்வி கேட்க எழுந்த ஒரு பெரியவரிடம் "எழுதிக் குடுங்க ஐயா, பரிசீலிக்கிறோம்" என்றார்கள். அவருக்கு எழுதத் தெரியாது. ஒரு மணிக்கு முடிந்துவிட்டது. பிறகு எதிர்ப்பு வந்தபோது அந்த வாசல் நோட்டை எடுத்துக் காட்டினார்கள். இத்தனை பேர் கலந்துகொண்டு சம்மதம் தெரிவித்தார்கள், இதோ கையெழுத்து. லட்டு தின்ற எங்களுக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

அந்த மாதிரிக் கூட்டம் எங்களுக்கு வேண்டாம். வெறும் லட்டை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

எப்படிக் கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். முதலில் நேரம். எங்கள் பகுதியில் பெரும்பாலான வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து, சுற்றி, நூல் கட்டி, கட்டுப் போட்டு, சாயங்காலம் கொண்டுபோய்க் கடையில் ஒப்படைக்க வேண்டும். கணக்கு முடித்து, மறுநாளைக்கு இலையும் தூளும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால்தான் அடுப்பு. பகல் 11 மணிக்குக் கூட்டம் போட்டால் ஒரு பெண் வர மாட்டாள், வந்தால் அன்றைய கூலி போச்சு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு மேல் வையுங்கள். எல்லோரும் இருப்பார்கள்.

அடுத்து இடம். மண்டபம் வேண்டாம், பொட்டலுக்கே வாருங்கள். வரைபடத்தைச் சுவரில் ஒட்டினால் எங்களில் பலருக்கு அதில் வடக்கு எது, வாய்க்கால் எது என்று புரியாது. அதற்குப் பதில் இரண்டு மூடை சுண்ணாம்புப் பொடி கொண்டுவந்து, கபடிக்குக் கோடு போடுவது போலத் தரையிலேயே போட்டுக் காட்டுங்கள். வாசல் இங்கே, கார் வரிசை இங்கே, பஸ் நிற்பது இங்கே, கழிப்பறை இங்கே. நாங்கள் அந்தக் கோட்டின் மேல் நடந்து பார்க்கிறோம். நடக்கும்போதுதான் ஒருத்தர் சொல்வார்: "வாசலை இங்க வச்சா பள்ளிக்கூடம் விடுற நேரம் பிள்ளைய எல்லாம் குறுக்க வருமே." இன்னொருத்தர் சொல்வார்: "கழிப்பறைத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?" இந்த இரண்டு கேள்வியும் மண்டபத்தில் வராது.

முடிந்தால் ஒரு பஸ்ஸையும் கூடவே கொண்டுவாருங்கள். பொட்டலுக்கு வருகிற பாதையில் வாய்க்கால் மேல் ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. காகிதத்தில் அதன் அகலம் பஸ்ஸுக்குப் போதும்தான். ஆனால் பாலத்தை ஒட்டினாற்போல் வளைவு. வளைவின் உள்பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மர். பின் சக்கரம் எங்கே ஏறும் என்று எந்த டிரைவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். நான் விசில் கொடுத்து ரிவர்ஸ் எடுத்துக் காட்டத் தயார், சம்பளம் வேண்டாம்.

அந்த வாய்க்கால் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரிந்து வருகிற நெல்லைக் கால்வாய், வயலுக்குப் பாய்ந்து, டவுனைத் தொட்டு, நயினார்குளத்துக்குப் போகிறது. எங்கள் பொட்டல் அதன் தாழ்ந்த கரைப் பக்கம். நீங்கள் அளந்த மாதத்தில் அது கட்டாந்தரை, குதிரை ஓட்டலாம். ஐப்பசி, கார்த்திகையில் வந்து பாருங்கள், முழங்கால் தண்ணீர் நிற்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஏறி வந்து ஜங்ஷனே மிதந்தது. அன்றைக்கு எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வராமல் பிடித்து வைத்துக்கொண்டது இந்தப் பொட்டல்தான். இதன் மேல் தாரோ சிமென்டோ போட்டு மூடினால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? எங்கள் அடுக்களைக்குள்தான். புது பஸ் ஸ்டாண்டு வந்த இடத்தின் பெயரே வேய்ந்தான்குளம். பெயரில் குளம் இருக்கிற இடத்திலெல்லாம் கட்டிடம் வந்துகொண்டிருக்கிறது, எங்கள் பொட்டலுக்கு அந்தப் பெயர்கூடக் கிடையாது. தண்ணீர் எந்த மடையில் ஏறி எந்த மூலையில் வடியும் என்று கேட்டால் சொல்ல இங்கே வயல்காரர்கள் இருக்கிறார்கள். பிசான அறுப்பு முடிந்து நெல் காயப் போடுவதும் இதே பொட்டலில்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புறம்போக்குதானே, யாரைக் கேட்க வேண்டும் என்று ஒருவர் சொல்லலாம். தனியார் நிலத்தை எடுப்பதாக இருந்தால் 2013-ஆம் வருட நிலம் கையகப்படுத்தும் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு, பொது விசாரணை என்றெல்லாம் பொதுவாகக் கேட்கிறது. பட்டா இல்லாத பொட்டலுக்கு அதெல்லாம் இல்லை. மரத்துக்கு நம்பர் போட்டால் போதும். ஆனால் கேட்பதற்கு மேடை ஏற்கெனவே இருக்கிறது. மாநகராட்சியின் 55 வார்டுக்குள் வருகிற இடம் என்றால் பகுதி சபை உண்டு, 2022-இல் விதிமுறையே வந்தாயிற்று. எல்லைக்கு வெளியே ஊராட்சி என்றால் வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒரு நாள் வந்து, விஷயத்தை வைத்து, பேசியதைப் பதிவேட்டில் ஏற்றினால் வேலை முடிந்தது. புதிதாக நோட்டீஸ் அடிக்கும் செலவுகூட இல்லை.

எங்களை மட்டும் கேட்டாலும் போதாது. இந்த இடத்தைப் பயன்படுத்தப் போகிறவர்கள் பேட்டையில் இல்லை. ஆலங்குளத்தில், முக்கூடலில், அம்பையில், கடையத்தில் இருக்கிறார்கள். ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின சனிக்கிழமை ரதவீதி ஜவுளிக்கடை வாசலில் நின்று கேளுங்கள். எட்டு பை துணி, இரண்டு கிலோ அல்வா, தூங்கிப் போன குழந்தை, இத்தோடு ராத்திரி ஒன்பதரைக்குப் பஸ் ஏறி பேட்டை வரை வருவீர்களா என்று கேளுங்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்பார்கள். கார் நிற்கிற இடத்தில் லைட் எரியுமா, ஆள் இருப்பாரா என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். நிறுத்த ஒரு காசு, பஸ்ஸுக்கு ஒரு காசு என்றால் நாலு பேருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு நேரே டவுனுக்கே வண்டியை விட்டுவிடுவார்கள். பார்க்கிங் சீட்டிலேயே போகவர பஸ்ஸும் சேர்த்தி என்றால் யோசிப்பார்கள். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிற காரை இங்கே நிறுத்தச் சொல்லவே கூடாது, அது தனி.

ரயிலையும் மறந்துவிட வேண்டாம். செங்கோட்டை லைன் 2012-லிருந்து அகலப்பாதை. பேட்டையில் ஸ்டேஷன் இருக்கிறது, டவுனில் ஸ்டேஷன் இருக்கிறது. சேரன்மகாதேவியிலோ அம்பையிலோ வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேறுகிறவர் எங்கள் பொட்டலுக்கே வரத் தேவையில்லை. பொட்டல் தேவையா என்பதே அங்கே நிற்கிற பைக் எண்ணிக்கையைப் பொறுத்தது.

டவுன் வியாபாரிகள் யாவாரம் குறையும் என்று பயப்படுவார்கள். தள்ளுவண்டிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் அவரவர் கவலையைச் சொல்வார்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, பேசிக்கொள்வார்கள். பீடிச் சொளவோடு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் இந்த விஷயத்தில் சங்கம் கிடையாது.

கேட்டு முடித்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, அதை யாருமே செய்வதில்லை. நாங்கள் என்ன சொன்னோம், அதில் எதை எடுத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். எங்கள் யோசனையை ஒதுக்கினால்கூடக் கோபம் வராது, காரணம் தெரிந்தால் சரி. ஒன்றுமே சொல்லாமல் ஒரு நாள் விடியற்காலையில் பொக்லைன் வந்து நின்றால்தான் கோபம் வரும்.

இன்னொன்று. சிமென்ட் போடுவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்தால் என்ன? ஆனித் திருவிழா பத்து நாள். அந்தப் பத்து நாளுக்கு மட்டும் இந்தப் பொட்டலில் கயிறு கட்டி, தற்காலிக விளக்குப் போட்டு, காலையில் கால் மணிக்கு ஒரு பஸ், சாயங்காலம் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று விட்டுப் பாருங்கள். கார் வருகிறதா, வந்தவர்கள் மறுநாளும் வருகிறார்களா, கடைசிப் பஸ்ஸில் எத்தனை பேர், எங்கள் தெருவில் எத்தனை ஹாரன். ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும். அதற்குப் பிறகு பேசினால் நீங்களும் நாங்களும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசுவோம். பலித்தால் கட்டுங்கள், அதில் ஒரு ஓரத்தில் வேப்பமரத்தையும் அதன் நிழலையும் ஒரு சிமென்ட் பெஞ்சையும் எங்களுக்கு விட்டுவிட்டுக் கட்டுங்கள். எதிர் வீட்டுப் பொடியனுக்கு ஒரு ஊஞ்சலும் சேர்த்தால், பெயரில் இருக்கிற பார்க்குக்கு நியாயம் செய்ததாக ஆகும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் பெரும்பாலும் பொட்டலில்தான் இருப்பேன். நீங்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையை முன்கூட்டிச் சொன்னால் ஆட்களைக் கூட்டி வைக்கிறேன். சுண்ணாம்புப் பொடி நாங்களே வாங்கிவிடுகிறோம்.

இப்படிக்கு,
பேட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற நடத்துநர்

பின்குறிப்பு: வேப்பமரத்தில் 3 என்று எழுதியிருக்கிறது. பொட்டலில் வேறு மரம் கிடையாது. 1-ம் 2-ம் யார் வீட்டு மரம் என்று தெரு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறோம். தயவுசெய்து அதை மட்டுமாவது உடனே சொல்லுங்கள், இரண்டு வீட்டில் முருங்கை காய்த்துக் கிடக்கிறது.